திருமங்கலம் பக்கம் கை வைக்காத மார்க் 2 அம்பாசடர் ஒண்ணு: வாங்கலாமா?

வில்லாபுரம்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவுல ஒரு கிராமத்துல 1972 அம்பாசடர் மார்க் 2 விலைக்கு வருது. பெட்ரோல் வண்டி. டீசல் என்ஜின் மாத்தலை, கியர் ஸ்டியரிங்லயே இருக்கு, முன்னாடி பெஞ்ச் சீட்டு, டேஷ்போர்டுல ஓட்டை போட்டு எதையும் மாட்டலை. தகரக் கொட்டகைக்குள்ள 13 வருஷமா நிக்குது, நாலு டயரும் தரையோட தரை. வண்டி தாத்தா பேர்ல இருக்கு, அவர் இறந்துட்டார், விக்கிறது பேரன். ஆர்.சி. பழைய புத்தகம், 2012-ல கெடு முடிஞ்சிருக்கு.

"புது பேட்டரி போட்டா ஒரே செல்ஃப்ல கிளம்பிடும்"ங்கிறார் பேரன். கூட வந்த மெக்கானிக், "பெட்ரோல் என்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு டீசல் வச்சு, ஏ.சி., பவர் ஸ்டியரிங், கீழ கியர் எல்லாம் பண்ணிடலாம்"ங்கிறார். எனக்கு அதுல மனசு இல்லை, இருக்கிறபடியே சரி பண்ணி ஞாயித்துக்கிழமை ஓட்டினாப் போதும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும், வாங்கினா எதுல ஆரம்பிக்கணும்?

பழைய_ஸ்டியரிங்:

பேட்டரியை இப்போதைக்கு மறந்துடுங்க தம்பி. முதல்ல காகிதம், அடுத்து தகரம், கடைசியாத்தான் என்ஜின். வாங்குறவங்க இதைத் தலைகீழாப் பண்றதாலதான் பாதி வண்டி கொட்டகை மாறிக் கொட்டகையில போய் நிக்குது.

ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் ரெண்டையும் வண்டியில இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாருங்க. கிரீஸ் அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சுட்டு, மேல வெள்ளைத் தாள் வச்சுப் பென்சிலைப் படுக்க வச்சுத் தேய்ச்சா எழுத்து ஏறி வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இதே பென்சில் பிரிண்ட்தான் கேப்பாங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும், எப்ப என்ஜின் மாத்தினாங்க, அதைப் புத்தகத்துல ஏத்தினாங்களான்னு கேட்டே ஆகணும். எரிபொருள்னு இருக்கிற இடத்துல பெட்ரோல்னு இருக்கான்னும் பாருங்க.

பெயர் தாத்தாவோடது, அவர் இல்லை. அப்ப பேரன் கையெழுத்துப் போட்டுத் தர்ற 29, 30 படிவம் (வித்தவர்கிட்ட இருந்து வாங்கினவர் பேருக்கு மாத்துற படிவங்கள்) செல்லாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வச்சு 31-ஆம் படிவத்துல முதல்ல வாரிசு பேருக்கு மாறணும். வாரிசு நாலு பேர்னா மத்த மூணு பேர்கிட்டயும் ஆட்சேபம் இல்லைன்னு எழுதி வாங்கணும். அதுக்கப்புறம்தான் 29, 30 போட்டு உங்க பேருக்கு. முன்பணம் கொடுத்தா, இந்த வேலை முடியாட்டி பணம் திரும்பி வரணும்னு எழுதி வாங்கிக்கங்க. இன்னொரு சங்கதி: பழைய புத்தக ஆர்.சி. பல பேருடையது பரிவாகன்ங்கிற அரசு வாகனப் பதிவுக் கணினியில ஏறவே இல்லை. நம்பரைப் போட்டுப் பார்த்து எதுவும் வரலைன்னா, பழைய பதிவேட்டைப் பார்த்து ஆபீஸ்ல ஏத்தித் தரணும். நடையா நடக்கிற வேலை அது.

பதிவைப் புதுப்பிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு 25-ஆம் படிவம், வழக்கமான வழி. அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிப்பாங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த திருத்தப்படி 20 வருஷம் தாண்டின காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. வண்டியை ஆய்வாளர் முன்னாடி நிறுத்திக் காட்டணும், அதனால பிரேக்கும் லைட்டும் சரியாகாம இந்தப் பக்கமே போக முடியாது. இன்னொண்ணு 2021-ல வந்த விண்டேஜ் விதி. முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, என்ஜின் மூணுலயும் பெரிசா மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுறது, பராமரிப்பு இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட அழகர்கோயில் போக அது உதவாது. நீங்க சொல்ற உபயோகத்துக்கு முதல் வழிதான்.

10 வருஷம், 15 வருஷம்னா ஓடக்கூடாதுன்னு யாராவது பயமுறுத்தினா, அது டெல்லி வட்டாரத்துக் கதை.

டீசல் யோசனைக்கு ஒரே பதில்தான். அந்த என்ஜின் உட்கார மவுண்டிங்கை வெட்டணும், கியர்பாக்ஸ் போற குகையை வெட்டணும், முன் பலகையில ஓட்டை போடணும். கனமும் கூடுதல். முன் டார்ஷன் பாரு (ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கி வண்டியைத் தாங்குற கம்பி) அதுக்குச் செஞ்சது இல்லை, வண்டி மூக்கு தொங்கிப் போகும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் புத்தகத்துல ஏத்தணும். விண்டேஜ் பதிவுக்கான தகுதியும் அன்னைக்கே போச்சு. டீசல் மாத்தின அம்பாசடர் வேணும்னா எங்க தேடினாலும் கிடைக்கும். மாத்தாத மார்க் 2 தான் கிடைக்காது.

தகரக்காரன்:

அண்ணன் காகிதத்தைச் சொல்லிட்டார், நான் தகரத்தைச் சொல்றேன்.

அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது. பாடியே சட்டம். மட்கார்டு துருப்பிடிச்சா அழகுதான் போகும். கதவுக்குக் கீழ ஓடுற பாக்ஸும் தரை ஷீட்டும் துருப்பிடிச்சா வண்டியோட முதுகெலும்பே போச்சு. அதனால பளபளப்பு இருக்கிற மேல்பக்கத்தைப் பார்க்காம கீழ படுத்துப் பாருங்க. ஒரு நல்ல டார்ச், மழுங்கின ஸ்க்ரூ டிரைவர், துணி சுத்தின ஒரு காந்தம். இவ்வளவுதான் கருவி.

முதல்ல ஓட்டுநர் காலடியில விரிப்பைத் தூக்குங்க. அடியில சணல் மாதிரி ஒரு மெத்தை இருக்கும். அது ஒருதரம் நனைஞ்சா மாசக்கணக்குல ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், கண்ணாடி ரப்பர்ல வழியிற தண்ணி அங்கதான் போய்ச் சேரும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டினா நல்ல தகரம் 'டங்'குனு சொல்லும், செத்த தகரம் அட்டைப்பெட்டி மாதிரிச் சத்தம் போடும். சந்தேகமான இடத்துல முனையை வச்சு அழுத்துங்க. உள்ள போச்சுன்னா அது தகரம் இல்லை, பெயின்ட்தான் நிக்குது.

அடுத்து பாக்ஸ். வெளிப்பக்கம் காந்தம் ஒட்டலைன்னா உள்ள பட்டி அப்பியிருக்காங்கன்னு அர்த்தம். ஜாக்கி மாட்டுற இடம் உள்ள அமுங்கியிருக்கான்னு பாருங்க. பின்னாடி பட்டா ஸ்பிரிங் பாடியில மாட்டுற இடம் ரெண்டு பக்கமும், முன்னாடி டார்ஷன் பார் பின்முனை போய் உட்காருற குறுக்குச் சட்டம், இந்த மூணு இடத்துல துரு தின்னிருந்தா விலை பேசாம எழுந்து வந்துடலாம். அங்க ஒட்டுப் போட்டு ஓட்டுறது உயிரோட விளையாடுறது. டிக்கி அடியில ஸ்டெப்னி தட்டு, பேட்டரித் தட்டு, கதவுக் கீழ்விளிம்பு, மட்கார்டோட கீழ் மூலை எல்லாம் ஓட்டையா இருந்தாப் பரவாயில்லை, அது விலையைக் குறைக்கிறதுக்கான துரு. திருமங்கலம் பக்கம் காஞ்ச பூமி, ராமேஸ்வரம், தூத்துக்குடி வண்டி மாதிரி உப்புக்காத்து தின்னிருக்காது. ஆனா கொட்டகையில கோழி அடைஞ்சிருந்தா மட்டும் கவனம். எச்சத்துல இருக்கிற அமிலம் பெயின்ட்டைத் தாண்டித் தகரத்துக்குப் போயிடும்.

வாங்கின பிறகு டிங்கர்கிட்ட விட்டா ஒரு விஷயத்துல கறாரா இருங்க: ரெண்டு பக்கப் பாக்ஸையும் ஒரே நேரத்துல வெட்டக் கூடாது. வெட்டுறதுக்கு முன்னாடி கதவு இடைவெளியில ஆங்கிள் கட்டையைக் குறுக்கே வச்சு டேக் அடிச்சு (புள்ளிப் புள்ளியா வெல்டு வச்சு), வண்டியை நாலு இடத்துல சமமாத் தாங்கி நிறுத்தி, கதவைச் சாத்தி இடைவெளியை அளந்து எழுதிக்கணும். ஜாக்கியில தூக்கி வச்சுக்கிட்டு வெட்டினா நடுவுல தொங்கிடும். அப்படியே வெல்டு அடிச்சா அப்புறம் அந்தக் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. தரைக்கு 20 கேஜ், பாக்ஸுக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட்டு போதும். கேஸ் வெல்டிங் வேணாம், சூடு பரவித் தகரம் நெளியும். சி.ஓ.2 வெல்டிங்ல ஒரு அங்குலம் அடிச்சுட்டு வேற இடத்துக்குப் போய், திரும்பி வந்து அடிக்கணும். பழைய ஷீட்டு மேலயே புது ஷீட்டை ஒட்டுறது வேகமான வேலை. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி தங்கி ரெண்டு மழையில திரும்பத் துரு வரும். வெட்டி எடுத்துட்டுத்தான் வைக்கணும்.

துரு மேல கருப்பு ரப்பர் கோட்டிங் அடிச்சுத் தர்றேன்னு சொன்னாக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க.

நாலு_சிலிண்டர்:

என்ஜின் பக்கம். மார்க் 2-ல இருக்கிறது 1489 சி.சி. பி சீரிஸ், பி.எம்.சி.ங்கிற பிரிட்டிஷ் கம்பெனியோட என்ஜின் வகை. 73 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், எட்டு வால்வு. அடிச்சாலும் சாகாத என்ஜின், ஆனா 13 வருஷம் நின்னதைச் செல்ஃப் அடிச்சு எழுப்பக் கூடாது. ரிங் சுவர்ல ஒட்டியிருக்கும், ஆயில் பம்புல ஒரு சொட்டு இருக்காது, பேரிங் காய்ஞ்சு கிடக்கும். அந்த ஒரு செல்ஃப்ல ரிங் உடையலாம், பேரிங் வழிச்சுட்டுப் போகலாம்.

நாலு பிளக்கையும் கழட்டுங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் 15 மில்லி, டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து ஊத்தி ரெண்டு நாள் விடுங்க. பிறகு கியரை நியூட்ரல்ல வச்சு, முன்னாடி ஹேண்டில் போட்டுக் கையால சுத்துங்க. கட்டைவிரலை மத்த விரல்களோட ஒரே பக்கமா வச்சுப் பிடிக்கணும், சுத்தி வளைச்சுப் பிடிக்காதீங்க. சுத்தலைன்னா நெம்பாதீங்க, இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும், முன்னும் பின்னும் கொஞ்சங்கொஞ்சமா அசைச்சுப் பாருங்க. சுத்த ஆரம்பிச்சதும் ராக்கர் மூடியைக் கழட்டி எட்டு வால்வும் ஏறி இறங்குதான்னு பாருங்க. ஒரு வால்வு தொக்கி நின்னா புஷ் ராடு வளையும்.

பழைய ஆயிலை வடிச்சு, ஃபில்டர் மாத்தி, 20டபிள்யூ-50 ஏறக்குறைய 4 லிட்டர் ஊத்துங்க. அளவுக்குச்சிதான் கடைசி வார்த்தை. பிளக் இல்லாமலே, பேட்டரி வச்சு, பத்துப் பத்து விநாடியா செல்ஃப் அடிங்க. ஆயில் கேஜ் முள் எழும்பற வரைக்கும் பிளக் மாட்டக் கூடாது. பேட்டரியை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு: இந்தக் காலத்து பி.எம்.சி. வழி வண்டிகள்ல பாசிட்டிவ் முனை பாடிக்குப் போற ஏற்பாடும் உண்டு. எந்த வயர் பாடியில மாட்டியிருக்குன்னு பார்த்து வச்சாத்தான் சரி. இப்பத்திய பழக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு நெகட்டிவை எர்த் பண்ணிடாதீங்க.

பெட்ரோல் டேங்க் பக்கமே போகாதீங்க. உள்ள இருக்கிறது இப்ப பெட்ரோல் இல்லை, வார்னிஷ். முதல் தடவைக்கு ஒரு லிட்டர் கேனைப் பானட் உயரத்துக்குக் கட்டி, புதுக் குழாய் வழியாக் கார்புரேட்டருக்கு நேரா விடுங்க, பக்கத்துல தீயணைப்பான் இருக்கட்டும். டேங்கைக் கழட்டி ரேடியேட்டர் கடையில கொடுத்துக் கழுவணும். வெல்டிங் வைக்கணும்னா தண்ணி நிரப்பாம டேங்க் பக்கம் நெருப்பு போகக் கூடாது.

ஓடினதும் பார்க்க வேண்டியது: சூடான பிறகு ஓட்டத்துல ஆயில் பிரஷர் 40-லிருந்து 50 பி.எஸ்.ஐ., ஐடிலிங்ல 15-க்குக் கீழ போகக் கூடாது. கம்ப்ரஷன் அளந்தா எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். நாலு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறிச்சுன்னா ரிங், ஏறலைன்னா வால்வு. பின்னாடி கிளட்ச் பக்கம் ரெண்டு சொட்டு ஆயில் ஒழுகினா என்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீங்க. பி சீரிஸ்ல அந்த இடத்துல ரப்பர் சீல் இல்லை, கிராங்க்ல மரை மாதிரி வெட்டி ஆயிலைத் திரும்ப உள்ள தள்ற ஏற்பாடுதான். கொஞ்சம் சொட்டறது அதோட பிறவிக்குணம். குட்டையாத் தேங்கினா மூச்சுக்குழாய் அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க.

வில்லாபுரம்_வாசி:

ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். நேத்துப் போய்ப் படுத்துப் பார்த்தேன். சேஸிஸ், என்ஜின் நம்பர் ரெண்டும் ஒத்துப்போகுது. ஸ்பிரிங் மாட்டுற இடம், டார்ஷன் பார் குறுக்குச் சட்டம் கெட்டி. ஓட்டுநர் காலடியில உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, இடது பாக்ஸ் முன்முனையில காந்தம் ஒட்டலை, ஸ்டெப்னி தட்டு போச்சு. ஹேண்டில் அரைச் சுத்து சுத்தி நிக்குது, ஊற வச்சிருக்கேன். ரேடியேட்டர்ல தண்ணி இல்லை, உள்ள வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருக்கு. ஆயில்குச்சி கருப்பா இருக்கு, பால் மாதிரி இல்லை. பிரேக் பெடல் தரைக்குப் போகுது. வயரிங்ல எலி கடிச்சிருக்கு.

இன்னொரு சந்தேகம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இதுக்கு ஒத்துக்குமா? பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பாயிண்ட்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

தகரக்காரன்:

இந்தத் துருவுக்கு வாங்கலாம். இடது பாக்ஸ் முன்முனையை மட்டும் பேரன் முன்னாடியே ஒரு ரூபா அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்க. பட்டி எவ்வளவு தடிமன்னு தெரிஞ்சா விலை தானா இறங்கும்.

நாலு_சிலிண்டர்:

அந்த வெள்ளைப் படிவு நம்ம ஊர் போர் தண்ணியோட உப்பு. ரேடியேட்டரை மட்டும் கழுவிட்டு விட்டா என்ஜின் சூடாகிக்கிட்டே இருக்கும். பிளாக்குக்குள்ள, நாலாவது சிலிண்டரைச் சுத்தித்தான் சேறும் உப்பும் தேங்கும். பிளாக் பக்கத்துல இருக்கிற வடிகுழாயைக் கழட்டினாத் தண்ணி சொட்டக்கூட இல்லைன்னா அடைச்சிருக்கு, கம்பியால குத்தி எடுக்கணும். வெல்ச் பிளக் என்ற தகட்டு மூடிகளை ஸ்க்ரூ டிரைவரால அழுத்திப் பாருங்க, உள்வாங்கினா எல்லாத்தையும் மாத்திடுங்க. அந்த ஓட்டை வழியாவே பிளாக்கைக் கழுவ வசதி. பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான், குழாய்த் தண்ணி வேணாம். தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடுற பழக்கம் இங்க நிறைய. அதை எடுத்தா என்ஜின் சூடேற நேரமாகும், சோக்கை இழுத்தே ஓட்ட வேண்டி வரும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் ஆயிலைக் கழுவிட்டுப் போகும்.

இ20 விஷயம். ஓடும், ஆனா ரப்பர் தாங்காது. பழைய பெட்ரோல் குழாய், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கட் மூணும் எத்தனால்ல ஊதி மெத்துன்னு ஆகிடும், குழாய் உள்பக்கம் உதிர்ந்து கார்புரேட்டருக்குத் தூளா வரும். ஃப்ளூரோ ரப்பர் உள்பூச்சுள்ள குழாயா மாத்துங்க. எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால மாசக்கணக்குல டேங்க்ல விடாதீங்க. எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தா, கலவை மெலிஞ்சு அடிக்கும், கீழ இருக்கிற ஜெட் நட்டை ஒரு முகம் ரெண்டு முகம் கீழ இறக்கிப் பிளக் நிறத்தைப் பார்க்கணும். காப்பித்தூள் நிறம் வந்தா சரி. வெள்ளையா இருந்தா இன்னும் இறக்கணும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் இன்னொரு பழைய பிரச்சினை. 2000-லேயே நாடு முழுக்க ஈயம் நின்னுபோச்சு. இந்த ஹெட்டுல எக்ஸாஸ்ட் வால்வு உட்காருற இடம் வெறும் வார்ப்பிரும்பு, ஈயம்தான் அதைக் காத்துக்கிட்டு இருந்தது. இப்ப வால்வு கொஞ்சங்கொஞ்சமா உள்ள போகும், டேப்பெட் இடைவெளி (வால்வு முனைக்கும் அதை அழுத்துற ராக்கருக்கும் நடுவுல விடுற சந்து) தானா குறையும். வால்வு பொருந்தாம எரிஞ்சு போறது அதுக்கப்புறம்தான். ஹெட்டை இதுக்காகவே கழட்ட வேணாம். என்னைக்காவது கழட்ட வேண்டி வந்தா அன்னைக்குக் கடினப்படுத்தின சீட்டு வச்சுடுங்க. கே.புதூர், கப்பலூர் சிட்கோ லேத்துகள்ல செய்வாங்க. திரும்ப மாட்டும்போது ஹெட் நட்டுக்கு 40 பவுண்டு-அடி முறுக்கு, நடுவுல ஆரம்பிச்சு வெளியே போகணும், ரெண்டு மூணு சுற்றா.

டேப்பெட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ., என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. சுலபமான கணக்கு ஒன்பது. முன்னாடியிருந்து எண்ணி முதல் வால்வைச் சரி பண்ணணும்னா எட்டாவது வால்வு முழுசாத் திறந்திருக்கணும். மூணாவதுக்கு ஆறாவது. எப்பவும் கூட்டினா ஒன்பது வரணும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். எரியுற வரிசை 1-3-4-2.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே மறைஞ்சு உட்காருற வகை இருக்கு. ஆனா பாசிட்டிவ் எர்த் வண்டியா இருந்தா அதுக்கான வகையா வாங்கணும், இல்லைன்னா மாட்டின விநாடியே புகைஞ்சு போகும்.

பழைய_ஸ்டியரிங்:

இதுல நான் நாலு சிலிண்டரோட ஒத்துப்போக மாட்டேன். பாயிண்ட் 0.014-லிருந்து 0.016 அங்குலம் வச்சு, நல்ல கண்டென்சர் ஒண்ணு போட்டா வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு என்ன குறை? பாயிண்ட் கெட்டா உசிலம்பட்டி ரோட்டு ஓரத்துல உப்புத்தாள் தேய்ச்சு வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் கெட்டா ரெக்கவரி வண்டிதான். கண்டென்சர்தான் இன்னைக்கு மட்டமா வருது, அதுல மட்டும் ரெண்டு கூடுதலா வாங்கி டேஷ்போர்டு பெட்டியில போட்டு வைங்க.

கோடையில நடுவழியில நின்னுட்டா, இக்னிஷனைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கார்புரேட்டருக்குக் கீழ இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கான்னு பாருங்க. இந்த என்ஜின்ல உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒரே பக்கம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். ஓடிக்கிட்டிருக்கும்போது காத்து படுது. மே மாசம் சிக்னல்ல அணைச்சு நிறுத்தினா அஞ்சு நிமிஷத்துல கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிடும். கழட்டினவங்க அந்தத் தகட்டைத் திரும்ப மாட்டாம விட்டுடுவாங்க.

லைனர்:

பிரேக்கை யாரும் பேசலை, நான் பேசுறேன்.

பெடல் தரைக்குப் போனா ஆயில் ஊத்திப் பார்த்து, "பிடிக்குது"ன்னு விட்டுடாதீங்க. பழைய மார்க்கெல்லாம் நாலு சக்கரமும் டிரம், ஒரே லைன். ஒரு இடத்துல ஒழுகினா நாலும் போச்சு, மிச்சம் ஹேண்ட்பிரேக்தான். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். 13 வருஷத்துல அந்த ஈரம் சிலிண்டர் அடியில தங்கி, பிஸ்டன் உட்கார்ந்த இடத்துல குழி விழுந்திருக்கும். அதுல புது வாஷர் போட்டாலும் ஒரு மாசத்துல ஒழுகும். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் எல்லாம் கழட்டி, விரல் விட்டுத் தடவிப் பாருங்க. நகம் மாட்டினா எவர்சில்வர் ஸ்லீவ் போடணும், இல்லை புதுசு. ரப்பர் ஹோஸை வெளியே பளபளன்னு இருந்தாலும் மாத்துங்க. உள்பக்கம் ஊதி அடைச்சிருக்கும், பெடலை அழுத்தினா ஆயில் போகும், விட்டாத் திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதும் பாதி நேரம் இதனாலதான். இரும்புக் குழாய்கள்ல துரு இருந்தா மொத்தமா மாத்தி, டாட் 3 ஆயில் ஊத்தி, மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரத்துல இருக்கிற சக்கரத்துல ஆரம்பிச்சு ஏர் எடுங்க. டிஸ்க் மாத்தச் சொல்றவங்க வருவாங்க. டிரம்மைக் கடைஞ்சு, லைனரை டிரம்முக்கு ஏத்தாப்ல தேய்ச்சு உட்கார வச்சா இந்த வேகத்துக்கு இதே போதும்.

முன் பக்கத்தைப் பிரிச்சா டார்ஷன் பார்ல இடது வலதுன்னு பெயின்ட்ல அடையாளம் வச்சுட்டுத்தான் கழட்டணும். ஒவ்வொண்ணும் அதது முறுக்குற திசைக்குப் பழகினது, மாத்திப் போட்டா ஒடியும். கிங்பின் (முன் சக்கரம் திரும்புற அச்சுக் கம்பி) தேய்மானம் பார்க்கச் சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, இன்னொருத்தர் பிரேக்கை அழுத்திப் பிடிச்சிருக்கட்டும். பிரேக் பிடிச்சும் ஆடினா கிங்பின், ஆட்டம் நின்னா வெறும் பேரிங். கிரீஸ் நிப்பிள் எல்லாத்துலயும் புது கிரீஸ் வெளியே பிதுங்குற வரைக்கும் அடிச்சு, பிறகு 1,500 கிலோமீட்டருக்கு ஒருதரம். இதைச் செய்யாததாலதான் முக்கால்வாசி கிங்பின் போகுது.

ஸ்பேனர் விஷயம், இது சின்னதாத் தெரியும், ஆனா வண்டியைக் கெடுக்கிறதே இதுதான். இந்த வண்டி நட்டெல்லாம் அங்குல அளவு. அரை அங்குல நட்டுல 13 மி.மீ. ஸ்பேனர் போகும், ஆனா 0.3 மி.மீ. தளர்ச்சி. துருப்பிடிச்ச நட்டுல வச்சு இழுத்தா முனை உருண்டுடும், அப்புறம் உளியும் கேஸ் நெருப்பும்தான். 7/16, 1/2, 9/16 மூணும் உள்ள அங்குல செட் ஒண்ணு வாங்கி மெக்கானிக் கையில நீங்களே கொடுங்க. மரையும் யு.என்.எஃப்.ங்கிற அங்குல மரை, 5/16 ஓட்டையில 8 மி.மீ. போல்ட்டு முதல் ரெண்டு சுத்து ஏறும். மூணாவது சுத்துல இறுகினா "கெட்டியாயிருச்சு"ன்னு நினைச்சு முறுக்குவாங்க, மரை மொத்தமும் வழிஞ்சு போகும். கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில குத்தி, எங்கிருந்து வந்ததுன்னு எழுதி வைக்கணும்.

எலி கடிச்ச வயரிங்கை ஒட்டுப் போடாதீங்க. துணி சுத்தின அந்தக் கால வயர், வளைச்சாலே உள்ள ரப்பர் உதிரும். முழு செட்டையும் அதே நிறக் கோட்டோட செய்யச் சொல்லுங்க. பழைய ஃபியூஸ் பெட்டியில ரெண்டே ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இல்லை. ஹெட்லைட் லைனுக்கு ஒரு ஃபியூஸும், பேட்டரிப் பக்கத்துல ஒரு கட்-ஆஃப் சுவிட்ச்சும் வைங்க. இது ரெண்டும் மாத்தம்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. டைனமோ வண்டின்னா 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும், ஏர்ஹாரன், ஆலஜன், பாட்டுப் பெட்டின்னு சேர்த்துக்கிட்டே போனா ராத்திரி பேட்டரி இறங்கிடும்.

வில்லாபுரம்_வாசி:

ஹேண்டில் இன்னைக்குக் காலையில முழுச் சுத்து சுத்திருச்சு! எட்டு வால்வும் அசையுது. வாரிசுச் சான்றிதழுக்குப் பேரன் தாலுகா ஆபீஸ்ல மனு கொடுத்துட்டார். ஸ்டெப்னி தட்டு, கிரில், பின் லைட் கண்ணாடி இதெல்லாம் எங்க கிடைக்கும்? கொட்டகையில இருந்து வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்துடலாமா?

பழைய_ஸ்டியரிங்:

இழுக்காதீங்க. பதிவு இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, பிரேக் இல்லை. மேல ஏத்திக்கிட்டு வர்ற வண்டியைச் சொல்லுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி வீல் சுத்துதான்னு பாருங்க, லைனர் டிரம்மோட ஒட்டியிருந்தா டிரம்மை மரச்சுத்தியால சுத்திச் சுத்தித் தட்டினா விடும். டயர்ல காத்து நிக்காட்டி இன்னொரு அம்பாசடரோட சக்கரத்தை இரவல் வாங்கி மாட்டி நகர்த்துங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், வாரமும் வருஷமும். பட்டன் (ரோட்டுல படுற மேடு பள்ளம்) தேயாமப் புதுசா இருந்தாலும், பழைய வருஷம்னா அந்த டயரை ஓட்டுறதுக்கு வச்சுக்காதீங்க.

என்ஜின் சாமானுக்குப் பயமே வேணாம். இதே 1489 என்ஜின்தான் எம்.ஜி.ஏ. 1500-லயும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுலயும் இருந்தது, கேஸ்கட், பேரிங், வால்வு எல்லாம் இங்கிலாந்துல இன்னைக்கும் வருது. 2014 வரைக்கும் அம்பாசடர் தயாரானதால சென்னை புதுப்பேட்டையில பிரேக், ஸ்டியரிங் சாமான் அகப்படும். கஷ்டம் மார்க் 2-க்கே உரிய அலங்காரச் சாமான்ல: கிரில், பட்டை, எழுத்து, பின் லைட் கண்ணாடி, கதவுக் கைப்பிடி. 1975-ல மார்க் 3 வந்ததும் அதெல்லாம் மாறிடுச்சு. அதனால பேரன்கிட்டப் பணம் கொடுக்கிற அன்னைக்கு அந்தக் கொட்டகைப் பரணையும் ஒருதரம் ஏறிப் பாருங்க. வீல் கப்பு, ஜாக்கி, ஹேண்டில், உடைஞ்ச லைட்டு, எது கிடந்தாலும் சேர்த்து ஏத்திக்கங்க. பழைய இரும்புக்காரர் வந்து போறதுக்கு முன்னாடி.

தகரக்காரன்:

பெயின்ட் கடைசி. என்ஜின் ஓடி, பிரேக் பிடிச்சு, 500 கிலோமீட்டர் ஓட்டின பிறகுதான். அதுக்கு முன்னாடி அடிச்சா கழட்டி மாட்டுற ஒவ்வொரு தடவையும் ஒரு கீறல் விழும். கதவு உள்விளிம்பிலயும் டேஷ்போர்டு அடியிலயும் வெயில் படாத பழைய நிறம் இருக்கும், அதைத் தேய்ச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரரை வரச் சொல்லி நிறத்தைப் பொருத்திக்கங்க. கதவு, பாக்ஸ் அடியில இருக்கிற வடிகால் ஓட்டைகளைப் பட்டி போட்டு மூடிடுவாங்க. பெயின்ட் காய்ஞ்சதும் ஒரு ஆணியை விட்டு ஒவ்வொண்ணும் திறந்திருக்கான்னு நீங்களே பாருங்க.